விசிட்டர் விசாவில் போய் அங்கே ஒர்க் பெர்மிட்டாக மாற்றிக்கொள்ளலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். திருவொற்றியூர்க்காரர், வயது 31. ஐடிஐயில் பிட்டர் முடித்துவிட்டு எட்டு வருடமாக மணலியிலும் எண்ணூர்ப் பக்கமும் கான்ட்ராக்டில் வெல்டிங் வேலை. மண்ணடியில் ஒரு கன்சல்டன்சிக்காரர், "கனடாவுக்கு விசிட்டர் விசா எடுத்துத் தருகிறேன், இறங்கியதும் ஒர்க் பெர்மிட்டாக மாற்றிக்கொள்ளலாம், மொத்தம் ஏழு லட்சம்" என்கிறார். ஐம்பதாயிரம் அட்வான்ஸும் பாஸ்போர்ட்டும் கொடுத்தாகிவிட்டது. "எந்த நாட்டு விசா சுலபம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மனதில் இருக்கிற கேள்வி அது இல்லை என்று நினைக்கிறேன். இந்த ஆளை நம்பி மீதி ஆறரை லட்சத்தைக் கட்டலாமா? கட்டாவிட்டால், குடும்பத்தோடு போய்த் தங்க நமக்கு வேறு வழி இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. 1998-ல் மண்ணடியில் ஒரு மேன்பவர் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். வளைகுடாவுக்குப் போகிறவர்களின் பயோடேட்டா அடிப்பதுதான் வேலை. அப்புறம் சான்றிதழ் அட்டஸ்டேஷன், விசா படிவம், பிசிசி என்கிற போலீஸ் சான்று என்று காகித வேலை முழுக்கக் கைவந்து, இப்போது தனியாகச் செய்கிறேன். ஒரு ஃபைலைப் பார்த்தால் எங்கே இடிக்கும் என்று சொல்ல வரும். விசா கிடைக்குமா என்று சொல்ல எனக்கு மட்டுமில்லை, யாருக்குமே வராது. "கேரண்டி" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம். கீழே நான் சொல்லும் தேதிகளையும் தொகைகளையும் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தந்த நாட்டு அரசின் தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். சமீப காலத்தில் இந்த விதிகள் மாறிய வேகத்துக்கு எங்களாலேயே ஈடுகொடுக்க முடியவில்லை.

முதலில் அந்த ஏழு லட்சம். அவர் சொல்வது முழுப் பொய்யாக இருந்தால் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். அதில் ஒரு பழைய உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதுதான் சிக்கல். கொரோனா சமயத்தில், 2020 ஆகஸ்டில், கனடாவில் விசிட்டராக மாட்டிக்கொண்டவர்கள் வேலை கிடைத்தால் அங்கிருந்தபடியே ஒர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று தற்காலிகமாக ஒரு சலுகை கொடுத்தார்கள். அதை வைத்துப் பல பேர் மாறினார்கள், நிஜம்தான். 2024 ஆகஸ்ட் 28-ஆம் தேதியோடு அந்தச் சலுகையை நிறுத்திவிட்டார்கள். இது உறுதி. ஆக, அவர் உங்களிடம் விற்பது தேதி முடிந்த மருந்து. ஆஸ்திரேலியாவும் இதே மாதிரி, விசிட்டராக வந்து உள்ளேயிருந்தே ஸ்டூடண்ட் விசாவுக்குப் போடுவதை 2024 ஜூலை 1 முதல் மூடிவிட்டது. விசிட்டில் வந்து மாறுகிற பழக்கத்தை நாடுகள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருகின்றன.

இன்னொன்றும் யோசியுங்கள். விசிட்டர் விசா கேட்கும்போது, "சுற்றிப்பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்" என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும். உங்கள் பெட்டியில் வெல்டிங் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டும் போனில் ஏஜெண்டின் வாட்ஸ்அப்பும் இருக்கும். விமான நிலையத்தில் எல்லை அதிகாரி இரண்டையும் பார்க்கலாம், அவருக்கு அந்த அதிகாரம் உண்டு. விசா ஒட்டியிருந்தாலும் உள்ளே விடுவதா வேண்டாமா என்பது அந்த கவுண்டரில்தான் முடிவாகும். தப்பான தகவல் கொடுத்ததாக முடிவுசெய்தால் ஐந்து வருடம் கனடா பக்கமே போக முடியாது. பிறகு எந்த நாட்டுப் படிவத்தை நிரப்பினாலும் "இதற்கு முன் மறுக்கப்பட்டதா?" என்ற கட்டம் உங்களுக்காகக் காத்திருக்கும். இந்தக் கட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு கதை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

"எந்த நாடு சுலபம்" என்று எல்லாருமே நாட்டில் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் விசா படிவம் "எதற்காக வருகிறாய்" என்பதில் இருந்து ஆரம்பிக்கும். காரணம் என்று பார்த்தால் நாலைந்துதான். சுற்றிப்பார்க்க, படிக்க, ஒரு முதலாளி கூப்பிட்டதால், கணவனோ மனைவியோ அங்கே இருப்பதால், அல்லது உன் வயது, படிப்பு, அனுபவம், மொழி எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுப் பார்த்து நாடே கூப்பிடுவதால். உங்கள் கையில் இருக்கிற காகிதம் இதில் எந்தக் காரணத்துக்குத் தாங்கும் என்று பார்த்தால் நாடு தானாக வந்து நிற்கும். அப்படித்தான் உங்கள் ஃபைலைப் பார்க்கப் போகிறேன்.

முதலாளி கூப்பிடுவது என்றால் உங்கள் தொழிலுக்கு வளைகுடாவும் சிங்கப்பூரும்தான் பக்கம். நீங்கள் பத்தாவது பாஸ் என்பதால் பாஸ்போர்ட் இசிஎன்ஆர் வகையில் வரும், எமிக்ரேஷன் அனுமதி வாங்கும் வேலை இல்லை. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே போவது சம்பாதிக்க, குடியேற இல்லை. சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட்டில் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. வளைகுடாவில் நம்மைப் போன்ற தொழிலாளிக்கு வேலை போனால் விசாவும் போய்விடும். நாலு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு கடனை அடைத்து வீடு கட்டுவது லட்சியம் என்றால் நல்ல வழி. பிள்ளையை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று நீங்கள் எழுதியிருப்பதால் இதை ஓரமாக வைக்கிறேன். போகிறதானாலும் சிங்கப்பூரின் முன் அனுமதிக் கடிதம் உண்மையா என்று அவர்கள் மனிதவள அமைச்சகத் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். அதைப் பார்க்காமல் விமானம் ஏறியவர்கள் நம் வண்ணாரப்பேட்டையிலேயே இருக்கிறார்கள்.

அமெரிக்காவை ஒரே வரியில் முடித்துவிடுகிறேன். எச்-1பி என்கிற வேலை விசா டிகிரி தேவைப்படுகிற வேலைக்கானது, விசா லாட்டரியில் இந்தியாவில் பிறந்தவர்கள் கலந்துகொள்ள முடியாது. "லாட்டரியில் உங்கள் பெயர் விழுந்திருக்கிறது" என்று மெயில் வந்தால் அழித்துவிடுங்கள்.

கனடாவுக்கு நேர்வழி எக்ஸ்பிரஸ் என்ட்ரி, அதாவது புள்ளி போட்டு நிரந்தரமாகக் குடியேற ஆள் எடுக்கிற முறை. அதில் கைத்தொழில்காரர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, வெல்டரும் அதில் வருவார். இங்கிலீஷ் தேவையும் குறைவு. ஆனால் அங்கிருந்து ஒரு வருட வேலைக்கான ஆஃபரோ, அங்குள்ள ஒரு மாகாணத்தின் தகுதிச் சான்றிதழோ வேண்டும். திருவொற்றியூரில் உட்கார்ந்துகொண்டு இந்த இரண்டில் ஒன்றை வாங்குவது லேசில்லை. பொதுப் பிரிவில் 1200-க்குப் புள்ளி போடுவார்கள். 29 வயது வரை வயதுக்கு முழுப் புள்ளி, முப்பதில் இருந்து வருடாவருடம் குறையும். ஐடிஐ படிப்புக்குக் கிடைப்பதும் கொஞ்சம்தான். முன்பு ஆஃபர் லெட்டர் இருந்தால் தனியாகப் புள்ளி உண்டு. 2025 மார்ச்சில் அதையும் எடுத்துவிட்டார்கள், காரணம் ஆஃபர் லெட்டரைக் கடைச்சரக்கு மாதிரி விற்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆக உங்கள் பெயரில் கனடா என்பது மெலிந்த ஃபைல்.

உங்களுக்குக் கொஞ்சம் பொருந்தி வருவது ஜெர்மனி. 2024 ஜூனில் "வாய்ப்பு அட்டை" என்று ஒன்று ஆரம்பித்தார்கள், ஜெர்மன் மொழியில் சான்சன்கார்ட்டே. வேலை கையில் இல்லாமலே போய் ஒரு வருடம் வரை அங்கே வேலை தேடலாம், அதுவரை வாரத்துக்கு 20 மணி நேரம் பகுதி நேர வேலையும் பார்க்கலாம். அடிப்படைத் தகுதி, சொந்த நாட்டு அரசு அங்கீகரித்த குறைந்தது இரண்டு வருடத் தொழிற்படிப்பு அல்லது டிகிரி. நீங்கள் பிட்டர் படித்தது இங்கேதான் கைகொடுக்கிறது. ஐடிஐயில் பிட்டர் இரண்டு வருடம், வெல்டர் ஒரு வருடம். வெல்டர் டிரேடு எடுத்திருந்தால் வாசலிலேயே நின்றிருப்பீர்கள். அதற்கு மேல் ஆறு புள்ளி வேண்டும். கூட்டிப் பார்ப்போம். கடந்த ஏழு வருடத்தில் ஐந்து வருட அனுபவத்துக்கு மூன்று. 35 வயதுக்குள் இருப்பதற்கு இரண்டு. ஆக ஐந்து. ஜெர்மன் மொழியில் ஏ2 என்கிற இரண்டாம் படி வரை படித்துப் பரீட்சை எழுதினால் ஒன்று, ஆறு வந்துவிடுகிறது. நுங்கம்பாக்கத்தில் கோதே இன்ஸ்டிட்யூட்டில் சொல்லித்தருகிறார்கள். நம் பக்கத்தில் இருந்து ரயிலும் பஸ்ஸும் மாறிப் போய் வர அரை நாள் ஆகும், ஆன்லைன் வகுப்பும் இருக்கிறது.

இதில் சந்தேகமான இடம் அனுபவம். படித்தது பிட்டர், செய்தது வெல்டிங். அனுபவம் படிப்போடு தொடர்புள்ளதாக இருக்க வேண்டும் என்பது விதி. பைப் பிட்டிங்கும் வெல்டிங்கும் ஒரே ஷெட்டில் நடக்கும் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். கோப்பைப் பார்க்கிற அதிகாரி அப்படி எடுத்துக்கொள்வாரா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் "வெல்டர்" என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல், உண்மையாகவே நீங்கள் செய்த பிட்டிங் வேலைகளையும் கான்ட்ராக்டரை விவரமாக எழுதித் தரச் சொல்லுங்கள். செய்யாததை எழுதவைக்காதீர்கள். பிஎஃப் பிடித்தம் இருந்தால் அந்தப் பாஸ்புக் பிரிண்டையும் சேருங்கள், அதைவிட நல்ல சாட்சி கிடையாது. உங்கள் படிப்பு அரசு அங்கீகாரம் உள்ளது என்று ஜெர்மனியில் இருந்தே ஒரு சான்றும் வாங்க வேண்டும். அப்புறம் பணம். 2025 கணக்குப்படி மாதத்துக்கு 1,091 யூரோ வீதம் ஒரு வருடத்துக்கு முடக்குக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும், நம் காசில் பன்னிரண்டு பதின்மூன்று லட்சம் வரும். அது உங்கள் பெயரிலேயே இருக்கும், மாதாமாதம் உங்களுக்கே திரும்பி வரும். கன்சல்டன்சிக்குக் கொடுக்கிற ஏழு லட்சத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

இவ்வளவு நேரம் உங்கள் ஃபைலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரியில், "மனைவி பி.எஸ்சி. நர்சிங், 28 வயது, ஸ்டான்லி பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாலு வருடமாக வேலை" என்று போகிற போக்கில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். தம்பி, உங்கள் வீட்டில் கனமான ஃபைல் அவர்களுடையதுதான். நம் ஊரில் ஆண்பிள்ளைதான் முதலில் போக வேண்டும் என்று ஒரு எண்ணம். விசா சட்டத்துக்கு அது தெரியாது. யார் பெயரில் விண்ணப்பம் பலமோ அவர் முதன்மை விண்ணப்பதாரர், மற்றவர் துணை.

பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலை 22-ல் முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டில் இருந்து ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அதையும் ஏஜெண்டுகள் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள், ஜாக்கிரதை. ஆனால் பதிவு பெற்ற செவிலியருக்குக் கதவு திறந்தே இருக்கிறது. நர்ஸ் போனால் கணவரும் பிள்ளைகளும் கூடப் போகலாம், கணவர் அங்கே வேலையும் செய்யலாம். அதற்குப் பிரிட்டனின் நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் பரீட்சையில் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் தலா 7, அல்லது மருத்துவத் துறையினருக்கான ஓஇடி பரீட்சையில் அதற்கு ஈடான மதிப்பெண். பிறகு இங்கேயே எழுதக்கூடிய கணினித் தேர்வு ஒன்று, அங்கே போன பிறகு செய்முறைத் தேர்வு ஒன்று. வேலைக்கு எடுப்பதற்காக நர்சிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அவர்களுடைய ஆளெடுப்பு நெறிமுறை. "நர்ஸ் வேலைக்கு எட்டு லட்சம்" என்று யாராவது கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். குறையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று வருடத்துக்கு முன் இருந்த மாதிரி அங்கே இப்போது ஆளெடுப்பு இல்லை. நிரந்தரமாகத் தங்க ஐந்து வருடம் என்று இருப்பதைப் பத்தாக்கும் திட்டத்தையும் 2025-ல் அரசு முன்வைத்திருக்கிறது. அதனால் ஐந்து வருடத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

கனடாவிலும் அதே எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் உங்கள் மனைவியை முதன்மையாக வைத்துப் பாருங்கள். 28 வயதுக்கு முழுப் புள்ளி, டிகிரிக்குப் புள்ளி, சுகாதாரத் துறையினரை மட்டும் தனியாகக் கூப்பிடும் சுற்றுகளும் 2023 முதல் நடக்கின்றன. பி.ஆர். என்கிற நிரந்தரக் குடியுரிமை அனுமதி கிடைத்தாலும் அங்கே நர்சாக வேலை செய்ய மாகாண லைசென்ஸ் தனியாக எழுதி வாங்க வேண்டும், அதைப் பலர் போன பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். ஜெர்மனிக்கு நர்ஸ் தேவை அதிகம், ஆனால் பி2 என்கிற நாலாம் படி வரை ஜெர்மன் படிக்காமல் முழு அங்கீகாரம் கிடைப்பது கஷ்டம். எந்த வழியில் போனாலும் முதல் செலவு மொழிப் பரீட்சைதான். அவர்கள் மாற்றி மாற்றி நைட் டியூட்டி பார்ப்பவர்களாக இருந்தால் படிக்க ஆறு மாதம் ஒதுக்கி வையுங்கள். அந்த ஆறு மாதம் குழந்தையைத் தூங்கவைப்பது உங்கள் வேலை. கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, 1978-ல் தொடங்கியது. அவர்கள் செவிலியருக்கு அறிவிப்புகள் போடுவார்கள், அதையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

இப்போது ஒரு சின்ன விஷயம், ஆனால் என் அனுபவத்தில் அதிகம் பேரைக் கவிழ்த்தது இதுதான். இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. வெளிநாட்டுப் படிவத்தில் அது ஒரு கட்டாயக் கட்டம். ராயபுரத்தில் ஒரு நர்ஸ். பத்தாவது மார்க்‌ஷீட்டிலும் டிகிரியிலும் அப்பா இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது புருஷன் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டார்கள். தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவில் பழைய பெயர். திருமணப் பதிவுச் சான்றில் அவர்கள் பெயரில் ஒரு 'எச்' கூடுதல். நாலு காகிதத்தில் மூன்று பெண்கள். நோட்டரியிடம் "இருவரும் ஒருவரே" என்று அஃபிடவிட் வாங்கி அனுப்பினோம், போதாது என்று திருப்பினார்கள். கடைசியில் திருமணச் சான்றிதழைத் திருத்தி, கவுன்சில் பதிவைத் திருத்தி, எல்லாம் முடிவதற்குள் ஏழு மாதம். இன்டர்வியூவில் தேர்வான இடமும் போய்விட்டது. கணவர் பெயரைப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில், வாழ்க்கைத்துணை என்ற இடத்தில் சேர்த்தாலே போதும், குடும்பப் பெயரை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. இன்று ராத்திரி உங்கள் இரண்டு பேர் காகிதங்களையும் பாயில் பரப்பி வைத்து, பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

சரி, அந்தக் கன்சல்டன்சி. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும். அப்படிப் பதிவு செய்தவரே உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டியும்தான். "நாங்கள் மேன்பவர் இல்லை, இமிக்ரேஷன் கன்சல்டன்சி" என்பார்கள். கனடா விண்ணப்பத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல அந்த நாட்டில் உரிமம் பெற்றவருக்குத்தான் அனுமதி. அந்தப் பட்டியலும் ஆன்லைனில் இருக்கிறது, அவருடைய உரிம எண்ணைக் கேளுங்கள். "ஷோ மணி", அதாவது பேங்க் கணக்கில் காட்ட வேண்டிய பணத்தை, "நாங்களே போட்டுக் காட்டுகிறோம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நேற்று வந்து விழுந்த பத்து லட்சம் எந்த அதிகாரி கண்ணுக்கும் தப்பாது, அந்தப் பொய்யில் கையெழுத்து உங்களுடையதாக இருக்கும்.

பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. தனியார் யாரும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. நாளைக்கே போய்க் கேளுங்கள். தராவிட்டால் "பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரவும்" என்று எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள், அப்புறம் காவல் நிலையம், அதற்கு மேல் வேப்பேரியில் மத்தியக் குற்றப் பிரிவு. ஐம்பதாயிரம் திரும்பி வருமா என்பது சந்தேகம்தான், ரசீது இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

அந்தக் கதையைச் சொல்கிறேன் என்றேனே. 2017-ல் காசிமேட்டுக்காரர் ஒருவருக்குக் கனடா படிவம் நிரப்பினேன். "எந்த நாடாவது விசா மறுத்திருக்கிறதா?" என்ற இடத்தில் அவரைக் கேட்காமல் "இல்லை" என்று டிக் போட்டுவிட்டேன். சாயங்காலம் கடையை மூடுகிற அவசரம். அவருக்கு முன்பே வேறொரு நாடு மறுத்திருந்தது. பொய் சொன்னதாக எடுத்துக்கொண்டு ஐந்து வருடத் தடை போட்டார்கள். தப்பு என்னுடையது, தடை அவருடையது. அதற்கப்புறம் கடைசிப் பக்கம் வரை உரக்கப் படித்துக் காட்டாமல் நான் எதையும் அனுப்புவதில்லை. அதனால் பாஸ்போர்ட் வாங்கப் போகும்போது இன்னொன்றும் கேளுங்கள். உங்கள் பெயரில் விசிட்டர் விண்ணப்பம் ஏற்கெனவே அனுப்பிவிட்டாரா? எந்த மெயில் ஐடியில் அனுப்பினார்? அனுப்பியிருந்தால் நகல் வாங்கி, என்ன வேலை, எவ்வளவு சம்பளம், பேங்கில் எவ்வளவு என்ற கட்டங்களில் என்ன போட்டிருக்கிறார் என்று பார்த்து இங்கேயே எழுதுங்கள். முடிவு வருவதற்கு முன்னால் என்றால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற இன்னும் வழி இருக்கிறது.